பிடிபடாமல் சொன்ன கதை

ஐவி டீச்சருக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பேச்சு இருந்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஒன்பதாம் வாய்ப்பாடு முடிவதற்குள் அவளுக்கே கொட்டாவி வந்துவிடும். பூகோளத்தில் ஆறுகளின் பெயரைத் தாறுமாறாகச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் திருத்தினால் "ஆமா, அதுதான்" என்று கூசாமல் ஒப்புக்கொள்வாள். ஆனால் பிள்ளைகளைக் கதை எழுத வைக்க அவளை விட்டால் அந்த மலையில் வேறு ஆள் கிடையாது. அந்த ஒன்றைத்தான் அவள் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஒன்றுதான் ஒரு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டது.

அவளுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத். தோட்டத்தில் உபதேசியாராக இருந்த சித்தப்பாவுக்குச் சமைத்துப் போட ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தெட்டில் கப்பலேறி வந்தாள். சித்தப்பா மறு வருஷமே நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். அந்தச் சமயம் பார்த்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் இல்லாமல் இருந்ததால் இவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நாசரேத்துக்குத் திரும்பிப் போனால் அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒரு மூலை கிடைக்கும், அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடலாம். அதற்கு இந்தக் குளிரே தேவலை என்று இருந்துவிட்டாள். அதற்குள் சட்டங்கள் மாறின. இவள் இந்தியாக்காரி, தற்காலிக அனுமதியில் தங்கியிருப்பவள் என்று ஆனது. அனுமதி முடியும்போதெல்லாம் போய்க் கெஞ்சிப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும். யாரோ ஒரு அதிகாரிக்கு அன்றைக்கு மனசு சரியில்லை என்றால் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான்.

பள்ளிக்கூடம் என்பது ஒரே நீளக் கொட்டகை. மேலே தகரம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் இருமினால்கூடக் கேட்காது. ஐவிக்கோ கீச்சுக் குரல். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒரு நாளில், மழை தொடங்குமுன் பிள்ளைகளிடம் சொன்னாள்: "கண்ணால பாக்காத ஒண்ண, பாத்த மாதிரியே எழுதுங்க." அப்படித்தான் ஆரம்பித்தது.

காகிதம் கிடையாது, சிலேட்டுதான். இன்றைக்கு எழுதிய கதையை நாளைக்குக் கணக்குப் போட எச்சில் தொட்டு அழித்தாக வேண்டும். அதனால் ஐவி ஒரு வழி வைத்திருந்தாள். மழை விட்டதும் எழுதினவன் எழுந்து நின்று, சிலேட்டைப் பார்க்காமல் கதையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். சொல்கிறவன் சிரித்தாலோ, தடுமாறினாலோ, முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னாலோ எல்லாரும் "பிடிபட்டாச்சு!" என்று கத்துவார்கள். பிடிபடாமல் முடித்தவனுக்கு ஐவியின் தகர டப்பியிலிருந்து ஒரு துண்டு கல்கண்டு.

துரையின் பங்களாவில் விருந்து சாப்பிட்டதாக ஒருவன் அளந்தான். விருந்தில் சூப்பு கொடுத்தார்களாம். எதால் குடித்தாய் என்று ஒரு பிள்ளை கேட்டதும், "கையாலதான்" என்றான். கொட்டகையே அதிர்ந்தது. அவன் வருஷம் பூராவும் சூப்பு என்றே அழைக்கப்பட்டான்.

பூரணி மட்டும் ஒருநாளும் பிடிபட்டதில்லை.

ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு. அப்பா ஆண்டியப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா வேலாயி கொழுந்து எடுக்கிறவள். தம்பி பிறந்த கையோடு வேலாயிக்குக் கால் இரண்டும் வீங்கி, இரண்டு வருஷம் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பாயோடு பாயாகக் கிடந்தாள். பூரணிக்கு அப்போது ஐந்து வயசு. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பீலியில் தண்ணீர் பிடித்து வந்து அம்மாவுக்கு முகம் கழுவிவிடுவாள். எந்த வைத்தியம் பலித்ததோ, கடைசியில் வேலாயி எழுந்து நடந்து வேலைக்கும் போனாள். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பூரணி யாரிடமும் பேசினதில்லை.

ஒரு மழை நாளில் அவள் எழுதிய கதை அதைப் பற்றியதுதான். ஆனால் வேறு மாதிரி. அம்மா படுக்கையில் கிடக்கவே இல்லை. அந்த இரண்டு வருஷமும் அவர்கள் எல்லாரும் அக்கரையில், இந்தியாவில் முசிறிப் பக்கத்தில், அப்பாவின் தாத்தா பிறந்த ஊரில் இருந்தார்கள். அம்மா காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு காவேரி மணலில் நடந்து போனாள். மணல் சூடாக இருந்ததால் வேகமாக நடந்தாள். பூரணி ஓடித்தான் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

காவேரியைப் பார்க்காத பிள்ளை அது. அன்றைக்கு ஐவி இரண்டு துண்டு கல்கண்டு கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நல்ல கதை கிடைத்துவிட்டதே என்ற பெருமை அவளைப் பிடித்து ஆட்டியது. மழை வரும்போதெல்லாம் பூரணியை மறுபடி எழுதச் சொன்னாள், கூடக்கூடச் சேர்த்தாள். "கப்பல்ல உனக்கு வாந்தி வந்துச்சுன்னு சொல்லு, அப்பதான் நம்புவாங்க." "மண்டபம் கேம்ப்ல ஊசி குத்துன எடம் வீங்கிப்போச்சுன்னு சொல்லு." இதெல்லாம் அவள் தானே மண்டபம் கேம்ப்பில் தடுப்பூசி போட்டுக்கொண்டு கப்பலில் வந்தபோது பட்டவை. ஒரு நாள், "தம்பி எங்க பொறந்தான்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்று கேட்டாள். பூரணி யோசிக்குமுன், "அங்கதான் பொறந்தான்னு வச்சுக்க. கத இன்னும் கெட்டியா நிக்கும்" என்றாள் ஐவி.

பிற்பாடு அந்த வார்த்தையை நினைத்து நினைத்து அவள் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

ஆண்டியப்பன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அவரும் வேலாயியும் இந்த மலையில் பிறந்தவர்கள்தான். ஆனாலும் நாங்கள் இந்த நாட்டு ஆட்கள் என்று எழுதிக்கொடுத்துக் கேட்டு, நிரூபித்து வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஓட்டு இல்லை, ஒரு முழம் நிலம் சொந்தமாக வாங்க வழியில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் போ என்பார்கள் என்ற பயம் தலைக்கு மேலேயே தொங்கும். மனுஷன் தன்னோடு மனைவியும் பிள்ளைகளும் விடாமல் இங்கேயே வசித்ததாகக் காட்ட வேண்டும். ஆண்டியப்பன் அப்படித்தான் சத்தியம் செய்திருந்தார். ஒரே ஓட்டை, வேலாயி படுத்துக்கிடந்த அந்த இரண்டு வருஷம். வேலைக்குப் போகாததால் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் அவள் பேர் இல்லை. அந்தக் களேபரத்தில் தம்பியின் பிறப்பையும் யாரும் பதியவில்லை. அதைப் பற்றி விசாரிக்க ஒரு அதிகாரி தோட்டத்துக்கு வருவார் என்று பெரிய கிளாக்கர் பொன்னையா சொல்லிவைத்திருந்தார்.

அதிகாரி வந்த அன்று ஐவி பள்ளிக்கூடத்தில் இல்லை. தன் அனுமதிக்காகப் படம் பிடிக்கத் தலவாக்கலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதுதான் தாமதம், பிள்ளைகள் தேயிலைக்குள் குறுக்கே விழுந்து ஓடிவந்தார்கள்.

"டீச்சர், டீச்சர்! விசாரிக்க வந்த கந்தோர் ஐயாவாலயே பூரணியப் பிடிக்க முடியல!"

ஐவிக்கு முதலில் விளங்கவில்லை. பிள்ளைகள் ரோட்டிலேயே நின்று அதை நடித்துக் காட்டினார்கள். சூப்பு அதிகாரியாக நின்றான். பூரணி பூரணியாகவே நின்றாள்.

"ஒங்க அம்மா ரெண்டு வருசம் வேலைக்குப் போகலயே பாப்பா, எங்க இருந்தாங்க?"

"அக்கரையில சார்."

"எப்புடிப் போனீங்க?"

"தலைமன்னார் வரைக்கும் ரயிலு. பொறவு கப்பலு. எனக்கு வாந்தி வந்துச்சு. திரும்பி வரும்போது மண்டபம் கேம்ப்ல ஊசி குத்துனாங்க, இந்தா இந்தக் கையி, வீங்கிப்போச்சு."

"தம்பி?"

"அங்கதான் சார் பொறந்தான். முசிறியில."

"சிரிக்கவே இல்ல டீச்சர்!" என்றாள் ஒருத்தி. "அவரு எப்புடியெல்லாம் கேட்டாரு, இவ பிடிபடவே இல்ல. கடசியில அவரு எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போய்ட்டாரு."

பூரணி கையை நீட்டிக்கொண்டு நின்றாள், கல்கண்டுக்கு.

ஐவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அது வெளையாட்டு இல்ல பூரணி" என்றாள். அந்தப் பிள்ளைக்கு என்ன புரிந்திருக்கும்? வாரா வாரம் குறுக்குக் கேள்வி கேட்டு விளையாடச் சொல்லிக்கொடுத்தவளே இவள்தானே.

அன்று ராத்திரி முழு லயத்துக்கும் விஷயம் தெரிந்தது. ஆண்டியப்பன் மகளை அடித்தார். குடிக்கிற மனுஷனில்லை, கை நீட்டுகிற மனுஷனுமில்லை. அடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து தானும் அழுதார் என்று சொன்னார்கள். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் இதே பேச்சு. மனுப் போட்டவர்கள் இன்னும் எத்தனையோ பேர். ஒவ்வொரு காம்பராவிலும் பிள்ளைகளை நிற்க வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். எண்ணி இரண்டு வாக்கியம்: "நாங்க எங்கயும் போகல. இங்கதான் இருந்தோம்."

அந்த வாரம் மழை கொட்டியது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஐவி, "என்ன வேணும்னாலும் எழுதுங்க" என்று கையைக் காட்டினாள். மழை விட்டதும் சிலேட்டுகளைப் பார்த்தாள். யானை இல்லை, பேய் இல்லை, துரை பங்களா இல்லை. எல்லாச் சிலேட்டிலும் அந்த இரண்டு வாக்கியம்தான் இருந்தது. சூப்பு மட்டும் கீழே ஒரு தேயிலைச் செடி வரைந்திருந்தான். பூரணி பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

ஐவி கிளாக்கர் பொன்னையாவிடம் ஓடினாள். ஆண்டியப்பன் மனுவின் மேல் அட்டன் டவுனில் நடக்கப்போகும் விசாரணைக்குத் தான் வந்து உண்மையைச் சொல்வதாகச் சொன்னாள். பொன்னையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"டீச்சர், நான் சொல்றத வேற மாதிரி எடுத்துக்கிறாதீங்க. நீங்களே இங்க இரவல் ஆளு. ஒரு கேஸ்ல போயி, பிள்ளைக்குப் பொய் சொல்லிக்குடுத்தது நான்தான்னு நீங்களே எழுத்துல குடுத்தா, ஒங்க அனுமதி அடுத்த தடவ கெடைக்கும்னா நெனைக்கிறீங்க?"

"கெடைக்காட்டி போறேன் ஐயா. எனக்காவது போறதுக்கு ஒரு ஊர் இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி வீட்டு அடுப்படி கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் அவளிடம் ஒரு யோசனை இருந்தது, அதை நம்பித்தான் நிமிர்ந்து நடந்தாள். பூரணி கதை கட்டுவாள் என்பதை அதிகாரியின் கண் முன்னாலேயே காட்டிவிட்டால் போதும். போகாத டில்லியைப் பற்றியோ ஏறாத ரயிலைப் பற்றியோ ஒரு கதை சொல்லச் சொன்னால் அந்தப் பிள்ளை அருவியாகக் கொட்டும். அதைக் கேட்ட பிறகு எந்த மனுஷன் அந்தக் காவேரிக் கதையை நிஜம் என்பான்?

இதைச் சொல்ல ஆண்டியப்பன் காம்பராவுக்குப் போனாள். அவர் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை.

"டீச்சரம்மா, கும்பிட்டுக் கேக்குறேன். ஒங்க கதையால வந்தது போதும். எம்புள்ளைய இனிமே ஒண்ணும் சொல்லவைக்காதீங்க."

"இந்த ஒரே தடவதான், ஆண்டியப்பண்ணே. நான் சொல்றதக் கொஞ்சம்..."

"போங்கம்மா" என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உள்ளே வேலாயி தலையைக் குனிந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பூரணி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஐவியைப் பார்த்தாள், வரவில்லை.

விசாரணை அன்று ஐவி கூப்பிடாமலே போய் உட்கார்ந்தாள். ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு பெஞ்சு. அதே அதிகாரிதான். கெட்ட மனுஷனில்லை. தமிழ் தடங்கலில்லாமல் பேசினார், வேலாயியை முதலில் உட்காரச் சொன்னார். வேலாயி தன் கால் வீக்கத்தைச் சொன்னாள். மருந்து கொடுத்த தோட்டத்து டாக்டர் எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டார். பார்த்த சாட்சி? லயத்து ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களும் மனுப் போட்டவர்கள்தானே என்றார் அதிகாரி.

அப்போது ஐவி எழுந்தாள். தன் பேர், ஊர், தற்காலிக அனுமதி எல்லாவற்றையும் தானே சொன்னாள். மழை, தகரம், சிலேட்டு, கல்கண்டு என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். "தம்பி அங்க பொறந்தான்னு சொல்லச் சொன்னது நான். ஊசி வீங்குனது என் கை சார், இந்தப் பிள்ளை கை இல்ல" என்று சேலையை விலக்கித் தன் மேல்கையைக் காட்டினாள். அதிகாரி அந்தத் தழும்பைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்படிக் கதை சொல்ல ஒரு சின்னப் பிள்ளையால முடியும்ங்கிறீங்க."

"முடியும் சார். இப்பவே கேட்டுப் பாருங்க. எதப் பத்தி வேணும்னாலும் கேளுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். நிஜமாகவே கேட்க ஆசைப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பூரணியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பாப்பா, நீ கொழும்புக்குப் போயிருக்கியா? இல்லையா? சரி, போன மாதிரி ஒரு கதை சொல்லு பாப்போம். கடல் எப்படி இருந்துச்சு?"

பூரணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். ஆண்டியப்பன் கண்ணை மூடியிருந்தார்.

"நாங்க எங்கயும் போகல சார். இங்கதான் இருந்தோம்."

"அது சரி. சும்மா ஒரு கதை."

"நாங்க எங்கயும் போகல சார். இங்கதான் இருந்தோம்."

ஐவி அவள் முன்னால் மண்டியிட்டாள். "பூரணி, நான் சொல்றேன்ல? கடலப் பத்திச் சொல்லு. அல எப்படி வந்துச்சு? சொல்லு கண்ணு. பயப்படாத. ஒரே ஒரு கத."

பிள்ளையின் உதடு பிரிந்தது. ஒரு கணம் ஏதோ ஒரு கதை வரப் பார்த்தது, ஐவி அதைக் கண்ணால் பார்த்தாள். பிறகு பூரணி அதை விழுங்கிவிட்டு, நேராக நின்று, சிரிக்காமல், தடுமாறாமல் மூன்றாம் தடவை அதையே சொன்னாள்.

"இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"அப்பா."

"அன்னைக்கு அக்கரைக்குப் போனதச் சொன்னியே, அதை அப்பா சொல்லிக்கொடுத்தாரா?"

"இல்ல சார்."

அவர் பேனாவைத் திறந்தார். எழுதி முடித்துவிட்டு ஆண்டியப்பனிடம் சொன்னார்: "அன்னைக்குப் பிள்ளை பார்த்ததைச் சொன்ன மாதிரி இருந்துச்சு. இன்னைக்குச் சொன்னது பாடம் பண்ணுனது. நான் இதை மறுக்கத்தான் வேணும். எழுத்துல வரும்." ஐவியைப் பார்த்து, அவள் அனுமதி எப்போது முடிகிறது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த அனுமதி அதற்கப்புறம் புதுப்பிக்கப்படவில்லை. நாசரேத்தில் அண்ணன் வீட்டு அடுப்படியில் அவள் எப்படி இருந்தாள், கடைசிவரை எந்தப் பிள்ளைக்காவது கதை சொல்லிக்கொடுத்தாளா என்பதெல்லாம் மலையில் யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு விசாரணை முடிந்து எல்லாரும் அட்டன் பஸ் நிலையத்தில் நின்றார்கள். ஆண்டியப்பன் தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். வேலாயி கீழேயே உட்கார்ந்துவிட்டாள். பழைய வீக்கம் வந்தவள் மாதிரி இரண்டு காலையும் நீட்டித் தடவிக்கொண்டிருந்தாள். ஐவிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மூன்று வருஷமாக, பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்லத்தான் சொல்லிக்கொடுத்தாள். இருந்ததை இருந்த மாதிரி சொல்ல ஒரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தானாக வரும் என்று நினைத்திருந்தாள்.

பூரணி அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அத்தனை நாளைக்கு அப்புறம் டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"டீச்சர்" என்றாள், யாருக்கும் கேட்காமல். "நீங்க கேட்டும் நான் பிடிபடலதானே?"

ஐவி பையைத் துழாவினாள். டப்பியை அன்றைக்கு எடுத்து வரவில்லை.

"பிடிபடல கண்ணு" என்றாள்.